ஒட்டாமல் போன பத்துப் பல்

முதுநிலைப் பல் மருத்துவத்தில் ஆய்வேடு கொடுக்காமல் டிகிரி வாங்க முடியாது. நான் படித்தது கம்பி போடும் பிரிவு. கம்பியைப் பிடித்துக்கொள்ளும் சின்ன உலோகத் துண்டான பிராக்கெட்டைப் பல்லின் மேலுறையான எனாமலில் ஒட்டும் பசை எவ்வளவு விசை வரை தாங்கும் என்பது எனக்கு வாய்த்த தலைப்பு. ஒட்டு, பிய், அளவை எழுது, அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

பல் சேர்க்கவே நான்கு மாதம் ஆனது. கம்பி போடுவதற்கு இடம் வேண்டிப் பிடுங்குகிற பிரீமோலார் (முன்கடைவாய்) பற்கள்தான் வேண்டும். சொத்தை, விரிசல் எதுவும் கூடாது. தெரிந்த கிளினிக்குகளில் எல்லாம் பல் கெடாமலிருக்கத் தைமால் கரைசல் ஊற்றிய டப்பாவைக் கொடுத்துவைத்துக் கெஞ்சினேன்.

முதலில் ஒத்திகையாகப் பத்துப் பற்கள். வேரை அக்ரிலிக் கட்டியில் புதைத்து, பியூமிஸ் பொடியால் தேய்த்து, 37% பாஸ்பாரிக் அமில ஜெல்லை 30 விநாடி வைத்துக் கழுவ வேண்டும். காற்றடித்து உலர்த்தியதும் எனாமலின் பளபளப்பு போய், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுக்கும். அமிலம் அங்கே நுண்துளைகளைப் போட்டிருக்கிறது. பசை அதற்குள் இறங்கி வேர்பிடித்து இறுகும். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க பாஸ்பாரிக் அமிலம் பயன்படுவதைப் பார்த்துத்தான் பல் மருத்துவர் மைக்கேல் புவோனகோர் 1955-இல் இதைப் பல்லில் முயன்றார். அவர் வைத்தது 85% அமிலம்!

பிறகு பசைக்கு முன்னால் தடவும் பிரைமர், பசை, பிராக்கெட், 20 விநாடி நீல ஒளி. 37 டிகிரி தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, மறுநாள் பொறியியல் கல்லூரி ஒன்றின் சோதனைக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். இரும்புக் கம்பியை இழுத்துப் பார்க்கிற மெஷின் அது. அங்கிருந்த அண்ணன் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன டாக்டர், பல்லைப் போய் எங்கிட்ட கொண்டாந்திருக்கீங்க” என்றபடியே விசையை அளக்கும் பெரிய லோட் செல்லைக் கழற்றிச் சின்னதை மாட்டினார். உளி மாதிரியான முனை மெதுவாக இறங்கியது. முதல் பிராக்கெட் 30 நியூட்டனிலேயே கழன்று விழுந்தது. பிராக்கெட்டின் அடிப்பரப்பு கிட்டத்தட்ட 10 சதுர மில்லிமீட்டர். அப்படியானால் சதுர மில்லிமீட்டருக்கு 3 நியூட்டன், அதாவது 3 மெகாபாஸ்கல். வாயில் தாக்குப்பிடிக்க 6 முதல் 8 வரை வேண்டும் என்று ரெனால்ட்ஸ் 1975-இல் சொன்ன கணக்கைத்தான் இன்றும் எல்லோரும் எழுதுகிறோம். மற்ற ஒன்பதும் அதே லட்சணம்.

கைடு முதலில் சந்தேகப்பட்டது பற்களை. “தர்மபுரிப் பக்கத்துப் பல்லாம்மா?” ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீர் குடித்து வளர்ந்த பல்லில் அமிலம் சீக்கிரம் ஏறாது. ஒரு டப்பா அங்கிருந்து வந்தது உண்மைதான். ஆனால் இந்தப் பத்தில் வெள்ளைத் திட்டோ பழுப்புக் கோடோ எதிலும் இல்லை. பசை காலாவதியாகவில்லை. லைட்டின் திறனையும் அளந்தாயிற்று.

அப்புறம்தான் கழன்ற பற்களை லென்ஸில் பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது. ஒன்றில்கூடத் துளிப் பசை இல்லை, கழுவித் துடைத்த மாதிரி இருந்தன. பசை பூராவும் பிராக்கெட்டோடு போயிருந்தது. அப்படியானால் பசை மோசமில்லை. எனாமலை அது பிடிக்கவே இல்லை. கழுவியதற்கும் பிரைமர் தடவியதற்கும் நடுவில் பல்லைத் தொட்டது காற்று ஒன்றுதான். பல் மருத்துவ நாற்காலியில் காற்றும் தண்ணீரும் அடிக்கும் த்ரீ வே சிரிஞ்சை முகம் பார்க்கும் கண்ணாடி மேல் பிடித்து அழுத்தினேன். பொடிப்பொடியாக ஈரம். விரலால் தேய்த்தால் வழுக்கியது. காற்றை அனுப்பும் கம்ப்ரஸரின் எண்ணெய்!

ஃபில்டர் மாற்றக் கடிதம் கொடுத்தேன். அது மேசை மேசையாகப் போகட்டும் என்று, எண்ணெய் இல்லாத சின்ன கம்ப்ரஸர் ஒன்றை இரவல் வாங்கி அசல் 40 பற்களையும் ஒட்டினேன். இந்த முறை பெரும்பாலானவை 100 நியூட்டன் பக்கம் போய்த்தான் விட்டன. பல்லின் மேல் பசை தங்கி, அதில் பிராக்கெட்டின் வலை அச்சு பதிந்திருந்ததைப் பார்த்தபோது வந்த நிம்மதி விசையின் அளவைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

இருப்பதிலேயே அதிக விசை தாங்கிய பல்லைப் பெருமையாக கைடிடம் நீட்டினேன். அவர் அளவைப் பார்க்கவில்லை. பல்லைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். பிராக்கெட்டோடு எனாமலும் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

“இது வாயில இருந்திருந்தா?” என்றார்.