அக்கா வீட்டு மீன்தொட்டியில கிட்டத்தட்ட மொத்த மீனும் ஒரே ராத்திரியில செத்தது, காரணம் கண்டுபிடிச்ச கதை

தண்ணி மாத்துன அன்னிக்கே மீன் செத்துச்சுன்னா எல்லாரும் மொதல்ல புது தண்ணியைத்தான் திட்டுவாங்க. எங்க அக்கா வீட்லயும் அதேதான். கோயமுத்தூர்ல வடவள்ளி பக்கம் வீடு, மூணடி டேங்க், கல்லு மண்ணு போக ஒரு 140 லிட்டர் நிக்கும். மாமா ரொம்ப வருஷமா ஆசையா வச்சிருக்கற டேங்க் அது, பெருசா ஒரு ட்ரிஃப்ட்வுட், கொஞ்சம் செடி, ஏஞ்சல், கௌராமி, நியான் டெட்ரா, கோரிடோரஸ், ஒரு சக்கர், எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கிட்ட ரெண்டு மூணு கப்பி.

எப்பவும் குழாய்ல வர்ற சிறுவாணி அணைத் தண்ணிதான் ஊத்துவார். இந்தக் கோடையில அணையில தண்ணி கொறஞ்சு குழாய்ல நல்ல தண்ணி வர்ற இடைவெளி நீண்டுக்கிட்டே போனதால தண்ணி மாத்தறதையே விட்டுட்டு ஆவியாகறதுக்கு மட்டும் மேல ஊத்தி ஓட்டிட்டு இருந்திருக்கார். டேங்க் டீத்தண்ணி மாதிரி ஆயிருச்சு, வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்கன்னு ஒரு சாயங்காலம் பாதித் தண்ணிய எடுத்துட்டு போர் தண்ணிய ஊத்திட்டார். ஊத்துனப்ப மீனெல்லாம் நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சாம். ராத்திரி படுக்கப் போறப்ப மேல வந்து வாயத் தொறந்துட்டு நின்னுச்சாம். விடிஞ்சு பாத்தா ஏஞ்சல், கௌராமி, டெட்ரா, கோரி எல்லாம் போச்சு. சக்கரும் கப்பியும் மட்டும் உசுரோட.

அக்கா போன் பண்ணி "டேய், உங்க மாமா அழுவாத கொறை, சீக்கிரம் வாடா"ன்னா. நான் போறதுக்குள்ள மீன் கடையில கேட்டுட்டாங்க, பாக்டீரியா நோய், மெத்திலீன் ப்ளூ ஊத்துங்க, கூடவே இந்த மாத்திரையும் போடுங்கன்னு சொல்லிட்டாங்க. நல்லவேளை பாட்டில் பிரிக்கல. மெத்திலீன் ப்ளூ ஃபில்டர்ல இருக்கற, மீன் கழிவுல வர்ற அம்மோனியாவ மாத்தித் தர்ற நல்ல பாக்டீரியாவையும் சேத்துக் கொல்லும், இருக்கற பிரச்சனைக்கு மேல இன்னொண்ணு ஆகிருக்கும்.

நோய் இல்லன்னு எனக்கு ஏன் தோணுச்சுன்னா, நோய்னா ஒண்ணு ஒண்ணாத்தான் போகும். மொதல்ல ஒரு மீன் சாப்பிடாம மூலையில நிக்கும், உடம்புல புள்ளியோ துடுப்புல கிழிசலோ தெரியும், ரெண்டு நாள் கழிச்சு அடுத்தது. நாலு வகை மீன் சில மணி நேரத்துல சேந்து போச்சுன்னா அது தண்ணி, காத்து, விஷம் இந்த மூணுல ஒண்ணுதான், மருந்து டப்பாவ எடுத்து ஓரமா வச்சுடலாம்.

காத்துதானான்னு பாக்கறதுக்கு கௌராமி உதவுச்சு, பாவம் செத்ததுக்கப்புறம். கௌராமிக்கு தலைக்குள்ள தனியா ஒரு மூச்சு உறுப்பு இருக்கு, தண்ணியில ஆக்சிஜன் கொறஞ்சா மேல வந்து நேரா காத்தையே குடிச்சுட்டு சமாளிச்சுக்கும். கரண்ட் போய் மோட்டார் நின்ன வீடுகள்ல மத்ததெல்லாம் போயும் கௌராமி நிக்கும். இங்க அதுவே போயிருச்சு, போதாக்குறைக்கு அன்னிக்கு கரண்டும் போகல, ஏர் பம்ப் ராத்திரி பூரா ஓடியிருக்கு. அப்ப காத்து இல்ல.

அடுத்து குளோரின். போர் தண்ணியில குளோரின் எங்க இருந்து வரும், இருந்தாலும் மேல் தொட்டிய ப்ளீச்சிங் பவுடர் போட்டு கழுவியிருந்தாங்கன்னா வரலாமேன்னு குளோரின் சொட்டு மருந்து விட்டுப் பாத்தேன், மஞ்சளே ஆகல. கொசு மருந்து புகையும் யோசிச்சேன், ஏன்னா அதுல போடற பைரெத்ராய்டு வகை மருந்து நமக்கு பெருசா ஒண்ணும் பண்ணாது, மீனுக்கு எமன், ஏர் பம்ப் ரூம் காத்த உறிஞ்சி நேரா தண்ணிக்குள்ள விட்டுரும். ஆனா அந்த வாரம் தெருவுல புகையும் அடிக்கல, வீட்ல பெயிண்ட் வேலை எதுவும் நடக்கல.

அப்புறம்தான் டெஸ்ட் கிட்ட எடுத்தேன். டேங்க் தண்ணி: அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்), நைட்ரைட் 0, பிஎச் (புளிப்பா காரமான்னு காட்டற அளவு) 8. அம்மோனியாவ பாத்ததும் ஆச்சு, கேஸ் முடிஞ்சுதுன்னு மாமா சொல்லிட்டார். எனக்கு ஒப்பல. செத்த மீன் ராத்திரி பூரா தண்ணியில கெடந்திருக்கு, அது அழுகியே அம்மோனியா ஏறியிருக்கலாம், அப்ப அது சாவோட காரணமா விளைவான்னு எப்படிச் சொல்றது? இன்னொரு இடிக்கற விஷயம், இத்தனை வருஷம் ஓடுன டேங்க்ல பாக்டீரியா எல்லாம் எங்க போச்சு?

அக்காவாலதான் விடை கெடச்சுது. உறிஞ்சி எடுத்த பழைய தண்ணிய கீழ கொட்டாம கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்தலாம்னு மொட்டை மாடியில பக்கெட்ல வச்சிருந்தா. அதுல மீன் எதுவும் சாகல, போர் தண்ணியும் கலக்கல, டேங்க்ல நேத்து வரைக்கும் இருந்த அதே தண்ணி! டெஸ்ட் பண்ணினேன். அம்மோனியா கரும்பச்சை, 4-க்குக் கொறையாது. பிஎச் கிட்ல இருக்கறதுலயே கடைசி நிறம், 6, இல்லன்னா அதுக்கும் கீழ. கேஎச்சுக்கு, அதாவது பிஎச் விழாம தாங்கிப் புடிக்கற பைகார்பனேட் அளவுக்கு, மொத சொட்டுலயே நிறம் மாறிருச்சு, அப்படின்னா ஒண்ணு கூட இல்ல.

இதுதாங்க மொத்தக் கதையும். ஃபில்டர் பாக்டீரியா அம்மோனியாவ மொதல்ல நைட்ரைட்டா, அப்புறம் நைட்ரேட்டா மாத்தறப்ப தண்ணியில இருக்கற பைகார்பனேட்ட, அதாவது கேஎச்ச, தின்னுக்கிட்டே போகும். சிறுவாணி தண்ணி குடிக்க அமிர்தம், ஆனா தண்ணியில கரைஞ்ச உப்பக் காட்டற டிடிஎஸ் மீட்டர்ல 50-ஐத் தாண்டாது, கேஎச்சும் ஏதோ பேருக்கு இருக்கும். தண்ணி மாத்தாம விட்டா அந்தக் கொஞ்சமும் தீந்துரும், அப்புறம் பிஎச் விழும், 6-க்குக் கீழ போனா பாக்டீரியா வேலைய கிட்டத்தட்ட நிறுத்திரும். மீன் தின்னுக்கிட்டு கழிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், அம்மோனியா சேந்துக்கிட்டே போகும். நைட்ரைட் 0 இருந்ததும் இதனாலதான், மொதல் கட்ட வேலையே நடக்கலன்னா நைட்ரைட் எப்படி வரும்.

அப்ப மீன் ஏன் அதுக்கு முன்னாடியே சாகல? பிஎச் 6-ல அம்மோனியா கிட்டத்தட்ட பூராவும் அம்மோனியமா தூங்கிட்டு இருக்கும், மீனுக்கு பெருசா கெடுதல் இல்ல. 28 டிகிரி தண்ணியில பிஎச் 6-ன்னா 10,000-ல 7 பங்குதான் விஷ அம்மோனியா. அதே தண்ணி பிஎச் 8 ஆச்சுன்னா 100-ல 6 பங்குக்கு மேல. கிட் ரெண்டையும் சேத்து ஒரே நம்பராத்தான் காட்டும், அதனால கணக்கு நாமதான் போடணும். பாதித் தண்ணி மாத்துனதுல மொத்தம் 4-லருந்து 2 ஆச்சு, ஆனா அதுல விஷ அம்மோனியா மட்டும் 0.003-லருந்து 0.13 பிபிஎம்முக்கு ஏறிருச்சு. 0.05 தாண்டுனாலே செவுளு புண்ணாக ஆரம்பிக்கும்.

ஊத்துன உடனே ஏன் சாகலங்கறது மாமாவோட அடுத்த கேள்வி, நல்ல கேள்வி. போர் தண்ணிய குழாய்லருந்து புடிச்ச கையோட டெஸ்ட் பண்ணா பிஎச் 7.3. ஒரு பக்கெட்ல புடிச்சு ஏர் ஸ்டோன் போட்டு விட்டு மறுநாள் பாத்தா 8.2. பூமிக்குள்ள இருக்கறப்ப அதுல கரியமில வாயு கரைஞ்சு கெடக்கும், மேல வந்து குமிழி அடிக்க அடிக்க அது வெளிய போகும், பிஎச் ஏறும். டேங்க்லயும் அதேதான், ஏர் பம்ப் ஓட ஓட ராத்திரி பூரா பிஎச் மெதுவா ஏறியிருக்கு, தூங்கிட்டு இருந்த அம்மோனியமெல்லாம் விஷமா மாறியிருக்கு. டிடிஎஸ் வேற ஒரே சாயங்காலத்துல எகிறியிருக்கு, போர்ல 1100 காட்டுது, டெட்ராவுக்கு அந்த அதிர்ச்சியும் சேந்திருக்கும். கப்பி உப்புத் தண்ணிக்குப் பழகுன ஜாதி, சக்கர் எதையும் தாங்கும்.

மிச்ச மீன காப்பாத்த நான் சொன்னத கேட்டு மாமா என்னை ஒரு மாதிரி பாத்தார். "அதே போர் தண்ணிய மறுபடி ஊத்தணுமா மாப்ள?" ஆமா, பிஎச் ஏற வேண்டியது ஏறியாச்சு, மீனும் அந்தத் தண்ணிக்கு வந்தாச்சு, இனி அதே தண்ணிய ஊத்துனா அம்மோனியா கொறையத்தான் செய்யும். மூணுல ஒரு பங்கு எடுத்துட்டு ஏர் ஸ்டோன் போட்டு வச்ச போர் தண்ணிய மெதுவா ஊத்துனோம், மறுநாளும் அப்படியே. தீனி சுத்தமா நிறுத்தம். என் டேங்க் ஃபில்டர் ஸ்பான்ஜ் ஒண்ணக் கொண்டாந்து அவங்க டேங்க்ல போட்டேன், ரெடிமேட் பாக்டீரியா. கேஎச் இருக்கறதால பாக்டீரியா வேலை செய்ய ஆரம்பிச்சுது, அம்மோனியா எறங்குச்சு, எதிர்பாத்த மாதிரியே நைட்ரைட் தல காட்டுச்சு. அதுக்கு பத்து லிட்டருக்கு ஒரு கிராம் கணக்குல கல்லுப்பு கரைச்சு ஊத்துனோம், அயோடின் இல்லாத உப்பு. உப்புல இருக்கற குளோரைடு நைட்ரைட்ட செவுள் வழியா ரத்தத்துக்குள்ள போகவிடாம மறிக்கும். கப்பி எல்லாம் பொழைச்சுது.

இப்ப நெரந்தரமா என்ன பண்றாங்கன்னா, போர் ஒரு பங்கு, சிறுவாணி மூணு பங்கு கலந்து ஊத்தறாங்க. போர் தண்ணி கேஎச் 16, கலந்தா 4-கிட்ட நிக்கும், ஏஞ்சலுக்கும் டெட்ராவுக்கும் அது போதும். "மனுசனுக்கே குடிக்க சிறுவாணி இல்லீங்கறாங்க, இவங்க மீனுக்கு டிரம்ல புடிச்சு வைக்கோணுமாம்"னு அக்கா இன்னும் பொருமிட்டுத்தான் இருக்கா. தண்ணி வராத வாரத்துக்காக ஃபில்டர்ல கழுவுன கிளிஞ்சல ஒரு வலைப்பையில போட்டு வச்சிருக்கோம், தண்ணி புளிப்பாகற அளவுக்கு அது கரைஞ்சு குடுக்கும். கடையில கோரல் சிப்ஸ் வாங்கலாம்னார் மாமா, பவளத்த எடுக்கறது விக்கறது வனவிலங்கு சட்டத்துல வர்ற சமாச்சாரம், கிளிஞ்சலே போதும்னுட்டேன்.

உங்க டேங்க்ல இந்த மாதிரி பழைய தண்ணி, பிஎச் 6, அம்மோனியா நிறையன்னு தெரிஞ்சா போர் தண்ணிப் பக்கமே போயிராதீங்க, ஆப்ப சோடாவையும் கொட்டிராதீங்க. சோடா கேஎச்ச ஏத்தும், உண்மைதான், கூடவே பிஎச்சையும் தூக்கி இதே கூத்த நடத்திரும். மொதல்ல அதே மாதிரி கேஎச் கொறஞ்ச, சிறுவாணி மாதிரி தண்ணியில தினம் பத்து சதவீதம் மாத்தி அம்மோனியாவ எறக்குங்க, தீனிய நிறுத்துங்க. அம்மோனியா கால் பிபிஎம்முக்குக் கீழ வந்ததுக்கப்புறம் கேஎச்ச கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கலாம். மாமா அடுத்த வாரமே ஏஞ்சல் வாங்கணும்னு நின்னார், அம்மோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டும் 0 காட்டாம கடைப்பக்கம் போகக் கூடாதுன்னு டெஸ்ட் கிட்ட அக்கா கையில குடுத்துட்டு வந்திருக்கேன்.