சந்துக்குள் வந்த சாளை வாசம்: விளக்குக் கூண்டை அடைத்த கதை

ஆனி பிறந்தால் செங்கோட்டையில் வெயிலைப் பார்ப்பதே அபூர்வம். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குச் சாரல் கொண்டாட்டம், நாற்று போடுகிறவனுக்குத் தலைவலி. காந்தாரி மிளகாய் நாற்றெல்லாம் வெளிச்சம் தேடி நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும். அதனால் மச்சு அறையில் செடி வளர்க்கும் நாலடிக்கு நாலடி கூடாரம் ஒன்றை நிறுத்தி, எல்இடிக்கு மாறிவிட்ட நண்பர் ஒருவர் கழித்துப்போட்ட 400 வாட் சோடியம் விளக்கை உள்ளே தொங்கவிட்டேன். பழைய சரக்குதான். 12 மணி நேரம் எரிந்தால் விளக்கு மட்டும் 4.8 யூனிட் தின்னும், சோக் தின்பது தனி.

சூடும் அதே அளவுக்கு உண்டு. அதற்காகத்தான் விளக்கைத் தகரக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். அடியில் கண்ணாடி, இரண்டு பக்கமும் ஆறங்குல வாய். தனி ஃபேன் ஒன்று ஓட, ஒரு வாயில் வெளிக்காற்று நுழைந்து, பல்பைச் சுற்றிக்கொண்டு, மறு வாய் வழியே சந்துக்குப் போய்விடும். கூடாரத்துக் காற்றுக்கு வேறு பாதை: வாசம் பிடிக்கும் கரி வடிகட்டி, அதற்குப் பின்னால் ஒரு நாலங்குல ஃபேன், பின்பக்க ஜன்னல். இரண்டு காற்றும் ஒன்றையொன்று தொடவே கூடாது. நான் போட்ட கணக்கு அப்படி.

நாற்றுகளுக்கு மீன் அமிலம் தெளிப்பேன். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் இது. இன்றும் எங்கள் தெருவுக்குச் சாளை மீன் கேரளாவிலிருந்து ஆரியங்காவு வழியாகத்தான் வருகிறது. அந்த மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடைக்குக் கலந்து மூடி, மூன்று வாரம் மொட்டை மாடியில் வைத்துவிட்டால் போதும். தெளித்த பிறகு இரண்டு நாளைக்கு வாசம் இருக்கும். அதைக் கரி பிடித்துக்கொள்ளும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சந்துக்கு எதிர்வீட்டு மதினிதான் முதலில் கேட்டார். "தம்பி, உங்க மச்சுல எலி கிலி எதுவும் செத்துக் கெடக்கா? பகல் பூரா நாறுது."

பழியைக் கரி மேல் போட்டேன். ஈரப்பதம் 70, 80 சதவீதத்தைத் தாண்டினால் கரிக்கு வாசம் பிடிக்கும் வலு குறையும், சாரல் நேரத்தில் இங்கே அதற்குக் குறைவதே இல்லை. எனவே புதுக் கரி வாங்கிப் போட்டேன். நாற்றம் அப்படியே இருந்தது. காசு போனதுதான் மிச்சம்.

மதினி சொன்ன 'பகல் பூரா' இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. கரி ஃபேன் இரவு பகலாக ஓடுகிறது. பகலில் மட்டும் ஓடுவது விளக்கு ஃபேன். சந்துப் பக்கத்துக் குழாய் வாயில் மூக்கை வைத்தேன். சாளையேதான்.

காரணம் சின்னது. ஃபேனைக் கூண்டுக்குப் பின்னால் வைத்து, காற்றை இழுக்கவிட்டிருந்தேன். இழுக்கும்போது கூண்டுக்குள் அழுத்தம் குறையும். கூண்டில் எங்கெல்லாம் இடுக்கு இருக்கிறதோ அங்கெல்லாம் கூடாரத்துக் காற்று உள்ளே போகும். போனது வடிகட்டிப் பக்கமே எட்டிப்பார்க்காமல் நேராகச் சந்துக்கு.

அன்று ராத்திரி விளக்கு ஆறிய பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூண்டுக்குள் செல்போன் டார்ச்சைப் போட்டு அறையை இருட்டாக்கினேன். குடத்திலிட்ட விளக்கு என்பார்கள், இது சல்லடையிலிட்ட விளக்கு! ரிவெட் துளைகள், தகரம் மடிந்த மூலைகள், வாய் வளையம் கூண்டோடு சேரும் இடம், ஒயர் நுழையும் விரல் தடிமன் ஓட்டை, கண்ணாடியின் நான்கு ஓரம். அப்புறம் ஃபேனைப் போட்டு ஊதுபத்தியை ஓரமாகக் கொண்டுபோனேன். நேராக எழும்பிய புகை கண்ணாடி ஓரத்தில் சட்டென்று வளைந்து உள்ளே நுழைந்தது.

முதலில் ஒட்டியது சாம்பல் நிறத் துணி டேப். பத்து நாளில் பசை உருகி வழிந்து, நுனி சுருண்டுவிட்டது. சூடு படும் இடத்துக்கு அது ஆகாது. எல்லாவற்றையும் உரித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அலுமினியம் ஃபாயில் டேப் ஒட்டினேன். ஸ்பூன் அடியால் அழுத்தித் தேய்த்தால்தான் மடிப்புக்குள் உட்காரும். துளைகளுக்கும் ஒயர் ஓட்டைக்கும் மெக்கானிக்குகள் எஞ்சினுக்குப் போடும் சிவப்புச் சிலிகான். காயும்வரை வினிகர் நாற்றம் அடிக்கும். வீட்டில் அதற்கும் ஒரு பேச்சு வாங்கினேன்.

கண்ணாடிதான் படுத்தியது. பல்பு மாற்றத் திறந்தாக வேண்டும், ஆகவே ஒட்டிவிட முடியாது. பழைய நாடா அப்பளமாக அமுங்கிக் கிடந்தது. கதவுக்கு ஒட்டும் ஸ்பாஞ்சு நாடாவைப் போட்டுப் பார்த்தேன், ஒரே வாரத்தில் கருகிப் பொடிந்தது. கடைசியில் சட்டத்தைச் சுற்றி ஒரே கோடாகச் சிலிகானை இழுத்து, கண்ணாடி ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, மெதுவாக மூடினேன். கிளிப்பை முறுக்கவில்லை, அமுக்கினால் எல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும். ஒரு முழுநாள் அப்படியே விட்டேன். மறுநாள் திறந்தபோது கண்ணாடி சுத்தமாகக் கழன்று வந்தது. சட்டத்தில் அதன் அளவுக்கே வார்த்த ரப்பர் விளிம்பு நின்றது. இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த நிமிடம் அதுதான்.

இதற்கு நடுவே ஒரு கோணங்கித்தனமும் செய்தேன். அடைப்பு முடியுமுன்பே ஃபேனை முன்பக்கம் மாற்றி, காற்றைத் தள்ளவிட்டேன். தள்ளினால் இடுக்கு வழியே நல்ல காற்றுதானே வெளியே வரும்? வந்தது, கூடாரத்துக்குள். கரி ஃபேனால் அவ்வளவையும் இழுக்க முடியாமல், எப்போதும் உள்வாங்கி நிற்கும் கூடாரச் சுவர் பூரி மாதிரி உப்பி, ஜிப் வழியாக நாற்றம் வீட்டுக்குள் இறங்கியது. மதினி தப்பித்தார், எங்கள் அம்மா மாட்டிக்கொண்டார்.

இப்போது அடைத்த பிறகு ஃபேன் முன்பக்கத்திலேயே இருக்கிறது. கசிவு குறைந்ததால் கூடாரம் பழையபடி உள்வாங்குகிறது. மிச்சம் கசிந்தாலும் கூடாரத்துக்குள்தான் வரும், கரி பார்த்துக்கொள்ளும். வளைத்து வளைத்து ஊசித்துளை விழுந்திருந்த குழாயையும் மாற்றி, இரண்டு முனையிலும் ஓஸ் கிளிப் போட்டு முறுக்கினேன்.

போன செவ்வாய் மறுபடி தெளித்தேன். சந்தில் ஒன்றுமில்லை. மதினியிடம் கேட்டதற்கு, "எலிய எடுத்துட்டியளா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று ஊதுபத்தி பிடித்தபோது ஒயர் ஓட்டைப் பக்கம் புகை லேசாக விலகியது. சிலிகான் குழாயில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.