துணிந்து கொடுத்த பலியை எஞ்சினிடம் எப்படிக் கேட்பது?

செஸ் ஆட்டம் முடிந்ததும் எஞ்சினை, அதாவது நகர்த்தல்களை அலசி மதிப்பிடும் கணினி நிரலை, ஓடவிடுகிறோம். நாம் ஆசையாகக் கொடுத்த காய்க்குப் பக்கத்தில், பெரும் தவறு என்று சொல்லும் இரட்டைக் கேள்விக்குறி விழுகிறது. 'ஓ, தப்பா' என்று மூடிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறோம். இதற்குப் பெயர் ஆய்வு இல்லை, ரிசல்ட் பார்ப்பது. பலி கொடுத்த, அதாவது ஆதாயம் எதிர்பார்த்துக் காயை வேண்டுமென்றே இழந்த, ஆட்டங்களில்தான் எஞ்சினிடம் கற்க நிறைய இருக்கிறது. ஆனால் அதனிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆஸ்திரிய வீரர் ருடால்ஃப் ஸ்பீல்மான் பலிகளை இரண்டு வகையாகப் பிரித்தார். கொடுத்த காய் சில நகர்த்தல்களில் லாபத்தோடு திரும்பி வரும், அல்லது செக்மேட்டில் முடியும். அதைக் கடைசிவரை கணக்குப் போட்டுவிடலாம். அது போலிப் பலி. இன்னொரு வகையில் கணக்கு பாதியில் நின்றுவிடும். எதிராளியின் ராஜா வெளியே வந்துவிட்டது, என் காய்கள் அருகில் இருக்கின்றன, ஏதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கொடுப்பது அது. அதைத்தான் அவர் உண்மையான பலி என்றார். முதல் வகைக்கு எஞ்சின் நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடும், அது சரியாகவும் இருக்கும். இரண்டாவது வகைக்கும் தீர்ப்புச் சொல்லும். ஆனால் அது நாம் கேட்ட கேள்விக்கான பதில் இல்லை.

ஏன் என்றால், எஞ்சினின் எண் இன்னொரு எஞ்சினை எதிரில் உட்கார வைத்துப் போட்ட எண். 2022 டிசம்பரில் வந்த, ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினின் 15.1 பதிப்பிலிருந்து +1.00 என்பதற்கு 'ஒரு சிப்பாய் அதிகம்' என்ற பொருள் இல்லை. ஸ்டாக்ஃபிஷ் தன்னோடு தானே ஆடினால் அந்த நிலையிலிருந்து வெல்ல 50 சதவீத வாய்ப்பு என்று பொருள். என் எதிரில் இருந்தவருக்கோ கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பொதுவாகப் பேசாமல் என் ஆட்டம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். ஃபிரெஞ்சுத் தற்காப்பு என்ற தொடக்கத்திலிருந்து வந்த நிலை. வெள்ளை எனக்கு. சிப்பாய்கள் டி4, ஈ5-ல் (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை). பிஷப்கள் டி3, சி1-ல். குதிரைகள் எஃப்3, சி3-ல். நான் இன்னும் கேசில் (ராஜாவும் யானையும் ஒரே முறையில் இடம் மாறுவது) செய்யவில்லை. கறுப்பு ராஜா பக்கம் கேசில் செய்து முடித்து, யானையை ஈ8-க்கு நகர்த்தியிருந்தார். அவர் குதிரை டி7-ல், பிஷப் பி4-ல், ராணி டி8-லேயே. நான் எச்7 சிப்பாயை பிஷப்பால் வெட்டினேன். ராஜா பிஷப்பை வெட்ட, குதிரை ஜி5-க்கு வந்து செக். பழைய ஆயுதம்தான், பல நூற்றாண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பது. ஆனால் யானை ஈ8-ல் இருந்ததால் இது சுத்தமாக வேலை செய்யுமா என்று உட்கார்ந்த இடத்தில் என்னால் முடிவு கட்ட முடியவில்லை. ராஜா ஜி8-க்குத் திரும்பியது. என் ராணி எச்5-க்கு. அவர் குதிரையை எஃப்8-ல் வைத்து எச்7-ஐக் காத்தார். நான் எஃப்7-ல் செக், எச்5-ல் செக் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, தொடர் செக்கில் டிரா.

எஞ்சினைத் திறக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். பலகையில் என்ன பார்த்தேன், எங்கே கணக்கு நின்றது, எந்த நம்பிக்கையில் ஆடினேன் என்பதை நினைவு சூடாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். எஞ்சின் வழியைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில், அதையெல்லாம் நாமே பார்த்ததாக மனசு நம்ப ஆரம்பித்துவிடும். என் குறிப்பு இப்படி இருந்தது: 'ராஜா எச்6 என்றால் குதிரை எஃப்7-ஐ வெட்டும், சி1 பிஷப்பின் செக்கும் சேரும், ராணி போய்விடும். ஜி8 என்றால் குறைந்தது தொடர் செக். ஜி6 என்றால் ராணி ஜி4, அதற்குப் பிறகு தெரியவில்லை.' கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பயிற்சியே.

இப்போது எஞ்சின். ஒரே ஒரு வழியைக் காட்டும்படி விடாதீர்கள். மூன்று அல்லது நான்கு வழிகளைக் காட்டச் சொல்லுங்கள். குதிரை செக் கொடுத்த நிலையில் கறுப்புக்குப் பார்க்க வேண்டிய பதில்கள் மூன்றுதான். எச்6 உடனே தோல்வி. ஜி8 என்றால் 0.00, அதாவது சமநிலை. ஜி6 என்றால் எஞ்சின் காட்டியது ஏறத்தாழ −1.4 (கழித்தல் குறி கறுப்புக்குச் சாதகம்). அதாவது பலியை உடைக்க ஒரே ஒரு பதில், அதுவும் ராஜாவைத் தைரியமாக முன்னால் நடத்துகிற பதில். மூன்று பதில்களும் எனக்குப் பாதகமாக இருந்திருந்தால் அது துணிச்சல் இல்லை, வெறும் நஷ்டம். இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: தாங்கும் பதில்கள் எத்தனை, அவை எவ்வளவு இயல்பாகக் கைக்கு வரும்.

அந்த 0.00-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாப் பூஜ்யமும் ஒன்றல்ல. காய்கள் தீர்ந்து இருவருக்கும் செய்ய எதுவும் இல்லாத பூஜ்யம் ஒன்று. ஒருவர் ஒரே ஒரு நகர்த்தலைக் கண்டுபிடித்தால்தான் நிலைக்கும் பூஜ்யம் இன்னொன்று. என் ஆட்டத்தில் அவர் குதிரையை எஃப்8-ல் வைக்காவிட்டால் எச்7-ல் ராணி செக் கொடுத்து ராஜாவைத் துரத்திக்கொண்டு போகும். என் பக்கம் பார்த்தால், செக்குக்கு நடுவில் அமைதியான நகர்த்தல் ஏதாவது முயன்றால் அவர் யானையை ஈ7-க்குக் கொண்டுவந்து ராணியைத் துரத்திவிடுவார், எனக்குக் காய் நஷ்டம்தான் மிச்சம். அதனால் தொடர் செக்கை எடுத்துக்கொண்டது சரி. இரண்டாவது, மூன்றாவது வழிகளின் எண்ணைப் பார்த்தால்தான் பூஜ்யம் எந்த வகை என்று தெரியும்.

அடுத்தது பொறுமை. உலாவியில் ஓடும் எஞ்சின் இருபது ஆழத்தை (எவ்வளவு தூரம் முன்னோக்கிப் பார்க்கிறது என்ற அளவு) தொட்டதும் நம்பிவிடக் கூடாது. எஞ்சின் எல்லா வழிகளையும் ஒரே ஆழத்துக்குப் பார்ப்பதில்லை. நம்பிக்கை தராதவற்றை மேலோட்டமாகப் பார்த்து ஒதுக்கிவிடும். காய் நஷ்டமாகத் தெரியும் நகர்த்தல்கள் அப்படி ஒதுக்கப்பட அதிக வாய்ப்பு உண்டு. 1998 லினாரெஸ் போட்டியில் டோபலோவுக்கு எதிராக ஷிரோவ் தன் கடைசி பிஷப்பை எச்3-ல் கொண்டுபோய்க் கொடுத்தது அக்கால எஞ்சின்களுக்குப் பிடிபடவில்லை. இன்றைய எஞ்சின்கள் எவ்வளவோ மேல், ஆனாலும் கொஞ்சம் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. எனவே பலியைப் பலகையில் நீங்களே ஆடி வையுங்கள். எஞ்சின் சொல்லும் வழியில் ஐந்தாறு நகர்த்தல் முன்னே போங்கள், அங்கே சிறிது நேரம் ஓடவிடுங்கள், பிறகு ஒவ்வொன்றாகப் பின்னால் வாருங்கள். முன்னே கண்டுபிடித்தது நினைவகத்தில் இருப்பதால், திரும்பி வரும்போது பழைய எண் மாறுவதைப் பார்க்கலாம். சில சமயம் தலைகீழாகவே மாறும். வழி ஏழு அல்லது அதற்குக் குறைவான காய்களில் முடிகிறது என்றால் கணிப்பே தேவையில்லை. 2018-ல் முடிக்கப்பட்ட சிசிஜி ஏழு காய் அட்டவணை அந்த நிலைக்கு உறுதியான விடையையே தந்துவிடும்.

இப்படிப் போய்வந்தபோதுதான் எனக்கு மிகவும் பயன்பட்ட விஷயம் கிடைத்தது. ராஜா ஜி6-க்கு வந்திருந்தால் நான் திட்டமிட்ட ராணி ஜி4 பலவீனம். எஞ்சின் முதலில் வைத்தது எச்4, ஒரு சிப்பாய். செக் இல்லை, வெட்டு இல்லை. எனக்கு முதலில் புரியவே இல்லை. லிச்செஸ் இணையதளத்தின் ஆய்வுப் பலகையில் எக்ஸ் விசையை அழுத்தினால், ஆட வேண்டியவர் தன் முறையை விட்டுக்கொடுத்தால் எதிர்ப்பக்கம் என்ன செய்யும் என்று காட்டும். அழுத்தினேன்: சிப்பாய் எச்5-க்கு, செக். யானையும் ராணியும் அதற்குப் பின்னால். கேசில் செய்யாமல் யானை எச்1-லேயே இருந்தது எனக்கு ஒரு சொத்து என்பது அப்போதுதான் உறைத்தது. அதன்பிறகும் கறுப்புக்கே சாதகம், ஆனால் அங்கிருந்து அவர் ஒவ்வொரு முறையும் ஒரே சரியான நகர்த்தலைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

இனி எண்ணை மனித அளவுக்குக் கொண்டுவருவது. லிச்செஸ் எஞ்சின் எண்ணை உண்மையான மனிதர்களின் ஆட்டத் தரவுகளிலிருந்து எடுத்த சூத்திரத்தால் சதவீதமாக மாற்றுகிறது. அதன்படி −1.4 என்றால் வெள்ளைக்கு ஏறத்தாழ 37 சதவீதம். நான் பலி கொடுக்காமல் சும்மா கேசில் செய்திருந்தால் +0.5, அது சுமார் 55. இந்த வித்தியாசம் இரட்டைக் கேள்விக்குறிக்குப் போதும். ஆனால் 37 என்பது எதிராளி ஜி6-ஐக் கண்டுபிடித்த பிறகுதான். அவர் கண்டுபிடிப்பாரா என்பதை ஸ்டாக்ஃபிஷ் சொல்லாது.

அதற்கு மாயாவைக் கேட்கலாம். டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கிய இந்த எஞ்சின் சிறந்த நகர்த்தலைத் தேடுவதில்லை. குறிப்பிட்ட தரத்தில் (ரேட்டிங்) உள்ள மனிதர் எதை ஆடுவார் என்று கணிக்கிறது. 1100 முதல் 1900 வரையான தரங்களில் லிச்செஸ் ஆட்டங்களைக் கொண்டு தனித்தனியாகப் பயிற்றுவிக்கப்பட்டது. என் நிலையைக் கொடுத்தபோது கீழ்த்தர மாயாக்கள் ராஜாவைப் பத்திரமாக ஜி8-க்குத் திருப்பின. மேல்தரத்தில்தான் ஜி6 வந்தது. என் எதிராளி எந்த வகை என்று எனக்குத் தெரியும், அதனால் அந்த இரட்டைக் கேள்விக்குறி இப்போது எனக்கு ஒற்றையாகத்தான் தெரிகிறது.

இன்னும் ஒன்று செய்யுங்கள்: கறுப்பாக நீங்களே உட்கார்ந்து, எஞ்சினை வெள்ளையாக வைத்து, ஜி6-லிருந்து தற்காத்துப் பாருங்கள். −1.4 எவ்வளவு சுகமானது என்று அப்போது தெரியும். உங்கள் அளவில் ஆடும் நண்பர் ஒருவர் கிடைத்தால் எஞ்சினை விட அவர் மேல்.

இதையெல்லாம் சாக்காக வைத்துக் கண்டபடி காய்களை வாரி இறைக்கலாமா என்றால், கூடாது. −4 காட்டி, ஐந்து பதில்களும் எளிதாக உடைக்கின்றன என்றால் வாதமே வேண்டாம். 1960 உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் போட்வின்னிக்குக்கு எதிராகக் கறுப்பில் ஆடிய டால், 21-ஆவது நகர்த்தலில் குதிரையை எஃப்4-ல் கொடுத்தார். அரங்கில் எழுந்த சத்தத்தால் ஆட்டத்தைப் பின்னறைக்கு மாற்றவேண்டி வந்தது. வெள்ளைக்குப் போட்வின்னிக் ஆடியதைவிட நல்ல தற்காப்பு இருந்ததை ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். பலகையில் போட்வின்னிக் காணவில்லை, டால் வென்றார். இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் மறப்பது, எதிராளிக்கு உண்மையிலேயே கடினமான கேள்விகளை அந்தக் குதிரை வைத்தது என்பதை.

கடைசியாகச் சேமிப்பு. எஞ்சினின் முழு வழியையும் நகலெடுத்துக் கோப்பில் ஒட்டாதீர்கள், யாரும் திரும்பப் படிப்பதில்லை. நான் இந்த ஆட்டத்துக்கு வைத்திருப்பது மூன்று வரி: யானை ஈ8-ல், குதிரை டி7-ல் இருந்தால் எஃப்8 தற்காப்பு உண்டு, தொடர் செக் கையிருப்பு. ராஜா ஜி6-க்கு வந்தால் முதலில் எச்4-ஐப் பார். கேசில் செய்யாத யானை இந்தப் பலிக்கு உதவும்.