"ஊர் முடிவும்மா" என்று நான் சொன்னது

"அது ஊர் முடிவும்மா, நான் தலையிட முடியாது." அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவுதான். அந்த இருளர் அம்மா பதில் பேசவில்லை. இறால் போடும் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுபடி ஏரிக்குள் இறங்கிவிட்டார்.

பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பிரிக்கும் பாடு முறையை நான் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை, இப்போதும் பேச மாட்டேன். முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம், சுத்து வலை கட்ட ஆட்கள் நிறைய. இன்று யாருக்கு, எந்த இடம் என்று ஊரே முறை வைக்கிறது. முறை வராதவர் கரையில் இருக்கிறார். எந்த அதிகாரி வந்து சொன்னாலும் இது நடந்திருக்காது.

ஆனால் பாடு, உரிமையுள்ள ஊர்களின் ஆண்களுக்குத்தான். சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. பாடு வைக்கும் இடத்தில் அவர்கள் இறங்கக் கூடாது என்று அன்றைய கூட்டத்தில் முடிவானது. அதே கூட்டத்தில்தான் சிறு கண்ணி வலையால் இறால் குஞ்சு அழிவதைப் பற்றி நான் அரைமணி நேரம் பேசியிருந்தேன். வெளியே நின்று கேட்ட அந்த அம்மா பிறகு என்னிடம் வந்தார். "குஞ்சு கையில பட்டா விட்ருவோம் சார். எங்களாலயா ஏரி கெடுது?"

நான் மறுத்துப் பேசியிருந்தால் அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், கண்ணி அளவுப் பேச்சும் அதோடு நின்றிருக்கும். இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் இதெல்லாம் பிறகு தோன்றியவை. அந்த நிமிஷம் எனக்கு அங்கிருந்து நகர்ந்தால் போதும் என்றிருந்தது.

நீர்கொழும்பில் சீட்டுக் குலுக்கி இடம் பிரிக்கும் கட்டுவலை முறையை இலங்கை அரசு 1958இல் விதியாகவே ஏற்றது. இங்கேயும் அப்படி வேண்டும் என்று கேட்டு வந்தவன் நான். முகத்துவாரம் மணலில் அடைபடும்போது ஊர்க்காரர் குரலுக்கு அது பலம் தரும் என்று நம்பினேன், இன்னும் நம்புகிறேன். ஆனால் இன்று வாய்ச்சொல்லாக இருக்கும் தடையும் அதோடு சட்டமாகிவிடுமே? இருளர் பெண்களையும் பாடு முறையில் சேர்த்தால் முறை வர இன்னும் நாளாகும், ஏற்கெனவே கடனில் இருக்கும் வீடுகளுக்கு அது தாங்காது. இந்த இடத்துக்கு வந்ததும் என் யோசனை நின்றுவிடுகிறது.

கூட்டக் குறிப்பு என் கையெழுத்தில்தான் இருக்கிறது. கடைசி வரி, "அனைவரும் ஒப்புக்கொண்டனர்."