ஒன்பதால் வகுபடும் பணம்

கேரள எல்லையை ஒட்டிய எங்கள் கம்பம் ஊரில் பணத்துக்கு ஏலக்காய் வாசனை உண்டு. வங்கியில் காசாளராக உட்கார்ந்த முதல் வாரமே அது எனக்குத் தெரிந்துவிட்டது. மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வரும் பெண்கள் சுருக்குப்பையைத் திறந்து நோட்டை எடுத்து நீட்டினால், காலையிலிருந்து காய் எடுத்த விரல்களின் மணமும் சேர்ந்து வரும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா கேட்பார்: "பேங்குல இன்னைக்குப் பாயசமா?"

நான் சேர்ந்தது 2012இல். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் குமுளிப் பாதை நாள்கணக்கில் அடைபட்டுக் கிடந்தது. ஆனால் எங்கள் கவுன்ட்டரில் அந்தக் கசப்பை நான் பார்த்ததில்லை. ரூபாய் நோட்டின் பின்பக்கம் 15 மொழிகளில் மதிப்பு அச்சடித்திருப்பார்கள். அதில் மலையாளம் 7ஆவது வரி, தமிழ் 13ஆவது வரி. எங்களிடம் அந்த இரண்டு வரிகளும் ஒரே க்யூவில் முன்னும் பின்னுமாக நிற்கும்.

மேலாளர் மேடம் கோட்டயம் பக்கத்துக்காரர். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். இங்கே சுற்றியுள்ள ஊர்களோ சுருளிப்பட்டி, அனுமந்தன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி. வந்த புதிதில் கடன் மனுக்களில் முகவரியைச் சத்தமாக வாசிக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு பாதியில் எங்களிடம் நீட்டிவிடுவார். ஒரு மாதத்தில் எல்லா ஊரும் பழகிவிட்டது. அப்புறம் யாராவது 'கே.கே.பட்டி' என்று சுருக்கினால், "முழுசா சொல்லுங்க, நல்ல பேரு" என்று அவரே திருத்தினார்.

அப்போதெல்லாம் எல்லாச் சனிக்கிழமையும் வங்கிக்கு அரை நாள். தோட்டங்களில் வாரக் கூலி கொடுப்பதும் அன்றைக்குத்தான். அதனால் பத்து மணிக்குள் சூப்பர்வைசர்கள் முதலாளியின் காசோலையோடு வாசலில் நிற்பார்கள். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை கூட்டம் படி தாண்டி, பக்கத்துக் கடைத் திண்ணை வரை நின்றது. கதவை அடைத்துக் கணக்கை முடித்தபோது கையிருப்பில் 9,000 ரூபாய் குறைந்தது.

காசாளருக்குப் பணம் அதிகம் வந்தால் அதைத் தனிக் கணக்கில் வைப்பார்கள். குறைந்தால் காசாளர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் நான் யாரையெல்லாம் சந்தேகப்பட்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் மனசு கூசுகிறது. நோட்டு எண்ணும் இயந்திரம் பழுது என்றேன். டீ கொண்டு வந்த பையன் கவுன்ட்டருக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றான் என்றேன். இத்தனைக்கும் நல்ல பையன் அவன், கொடுத்த சில்லறையில் ஒரு ரூபாய் கூடினாலும் திரும்ப ஓடி வருவான்.

தலைமைக் காசாளர் அண்ணன் எதுவும் பேசாமல் ஒரு துண்டுத் தாளை எடுத்தார். முதலில் வித்தியாசத்தை இரண்டால் வகுத்தார், 4,500. ஒரு தொகையை வரவுக்குப் பதில் பற்றில் போட்டிருந்தால் வித்தியாசம் இரண்டு மடங்காகத் தெரியும். 4,500க்கு அன்று ஒரு சீட்டும் இல்லை. அடுத்து ஒன்பதால் வகுத்தார், ஆயிரம். "இலக்கம் இடம் மாறினா வித்தியாசம் ஒன்பதால மிச்சமில்லாம வகுபடும் தாயி. சரியா ஆயிரம் வருதுன்னா பக்கத்துப் பக்கத்து இலக்கம். இருபத்துமூணு முப்பத்திரெண்டைப் பாரு, முப்பத்துநாலு நாப்பத்துமூணைப் பாரு, நாப்பத்தஞ்சைப் பாரு."

45,000க்கு ஒரே ஒரு காசோலை இருந்தது. கணினியிலும் 45,000 என்று சரியாகவே ஏற்றியிருந்தேன். பின்பக்கம் திருப்பினால், என் கையெழுத்தில் 500 x 108. ஒரு முழுக் கட்டும் எட்டு உதிரி நோட்டும், ஆக 54,000. காசோலையின் முன்பக்கம் சிவப்பு மையில் டோக்கன் எண் இருந்தது. அதுவும் 54! "டோக்கன் அம்பத்துநாலு" என்று கூப்பிட்ட வாயோடு அம்பத்துநாலாயிரம் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். இயந்திரமும் சரி, டீக்காரப் பையனும் சரி, யாரும் ஒன்றும் செய்யவில்லை.

சூப்பர்வைசர் அதற்குள் மலை ஏறிவிட்டார். தோட்டத்தில் செல்போன் சிக்னல் கிடைக்கவில்லை. என் சேமிப்புக் கணக்கிலிருந்து 9,000 எடுத்துக் கட்டினேன். அப்போதைய சம்பளத்தில் அது பாதிக்கு மேல். கொஞ்ச நாள் வேறு இருக்கையில் உட்கார வைக்கலாமா என்று அண்ணன் தயங்கிக் கேட்டார். மேடம் அவரிடம் மெதுவாக, "ஒரு அவசரம் கூடி கொடுக்காம்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருந்த அவசரத்தில்தானே இது நடந்தது, இன்னும் எதற்கு? அண்ணன்தான் விளக்கினார். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாம் என்கிறார்.

திங்கட்கிழமை காலை வங்கி திறக்கும் முன்பே அந்தச் சூப்பர்வைசர் வாசலில் நின்றார். கூலி முழுக்கக் கொடுத்த பிறகும் பையில் 9,000 மிஞ்சியிருக்கிறது. யாருக்கோ கொடுக்காமல் விட்டுவிட்டோம் என்று பயந்து, சனிக்கிழமை ராத்திரியே டார்ச் விளக்கோடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். கூலி வாங்காதவர்கள் யாராவது உண்டா? தீபாவளிக்கு மூன்று நாள்தான் இருந்தது. கேட்ட அத்தனை வீட்டிலும் "வாங்கியாச்சு சேட்டா" என்றே சொல்லியிருக்கிறார்கள். இதை அவர் சொன்னபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த வீடுகளில் ஒருவர் பொய் சொல்லியிருந்தாலும் அந்தப் பணம் போயிருக்கும்.

"என் தப்பு அண்ணே" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஞான் எண்ணியில்ல. எண்டெ தெற்றா" என்று நெஞ்சைத் தொட்டார். கவுன்ட்டரை விட்டு நகரும் முன் எண்ணிப் பார்க்கச் சொல்லும் பலகை அவர் தலைக்கு நேர் மேலே தொங்கியது. அதையும் காட்டினார். இல்லை, என் கையெழுத்தே இருக்கிறது என்று நான் காசோலையைக் காட்டினேன். தப்பு யாருடையது என்று இரண்டு பேர் இப்படிப் போட்டி போட்டு அதற்கு முன்பும் பின்பும் நான் பார்க்கவில்லை. கடைசியில் மேடம் இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கொண்டு வந்தது அதே பையன். அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பணம் திரும்பி வந்தது, தைரியம் வர நாளானது. ஒவ்வொரு கட்டையும் மூன்று தடவை எண்ண ஆரம்பித்தேன், வரிசை மறுபடி தெருவுக்குப் போனது. அண்ணன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கையில ஒரு தடவை, மிஷின்ல ஒரு தடவை. ரெண்டும் ஒத்துப்போனா சிலிப்புல கையெழுத்தைப் போட்டு விட்டுரு" என்றார். கட்டைச் சுற்றும் காகிதப் பட்டைதான் சிலிப். எண்ணியவரின் கையெழுத்து அதில் இருக்கும். அந்தக் கட்டு எந்த ஊருக்குப் போய் அவிழ்ந்தாலும், ஒரு நோட்டு குறைந்தால் அந்தக் கையெழுத்தைத்தான் தேடி வருவார்கள். முன்பு நோட்டுக் கட்டில் ஸ்டேப்ளர் பின் அடிப்பார்களாம். ரிசர்வ் வங்கி 2001இல் அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. அண்ணனின் பெருவிரலில் அந்தக் காலத்துத் தழும்புகள் இன்னும் இருந்தன. இப்போது குத்துவதற்கு எதுவும் இல்லை, பெயர் மட்டும்தான் என்று சொல்லிச் சிரித்தார்.

2016 நவம்பரில் 500, 1,000 நோட்டுகள் செல்லாது என்றானபோது அந்தக் கவுன்ட்டரில் நான்தான் இருந்தேன். ஒரு ஆளுக்கு முதலில் 4,000 வரை மாற்றிக் கொடுத்தோம், அப்புறம் 4,500, அப்புறம் 2,000. ஒரு பாட்டி, ஏலக்காய்ப் பையிலேயே வைத்திருந்த நோட்டுகளை நீட்டி, "நான் ஒழைச்சது நெசந்தானே தாயி?" என்று கேட்டார். நெசந்தான் பாட்டி என்று சொல்லி, அவர் பார்க்க ஒவ்வொன்றாக எண்ணினேன். அந்த ஐம்பது நாளில் ஒருநாள் 500 குறைந்தது. கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

அந்தச் சூப்பர்வைசர் இப்போதும் வருகிறார். இரண்டாவது, நான்காவது சனி விடுமுறை ஆன பிறகு அந்த வாரங்களில் வெள்ளிக்கிழமையே வந்துவிடுவார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கவுன்ட்டரிலேயே நின்று, உதடு அசைய எண்ணுவார். பின்னால் நிற்பவர்கள் "சேட்டா, மழைக்கு முன்னாடி வீடு போகணும்" என்பார்கள். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. எண்ணி முடித்து வலது கையைத் தூக்கிக் காட்டுவார். அதுவரை அடுத்த டோக்கனை நான் கூப்பிடுவதில்லை.