எம்மெட் வால்ஷை மட்டும் தேடிப் பார்த்த அனுபவம்

சிகாகோ சன்-டைம்ஸில் எழுதிவந்த விமர்சகர் ரோஜர் ஈபர்ட் பாதி விளையாட்டாக ஒரு விதி வைத்திருந்தார். ஹாரி டீன் ஸ்டான்டனோ எம். எம்மெட் வால்ஷோ துணைப் பாத்திரத்தில் வருகிற எந்தப் படமும் அடியோடு மோசமாக இருக்க முடியாது என்பதுதான் அது. நிஜமாகவே அப்படித்தானா என்று பார்க்கக் கிளம்பினேன். இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்தால் கரையேற முடியாது என்று வால்ஷை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவர் கணக்கிலேயே படங்களும் டிவி நிகழ்ச்சிகளுமாக 200-க்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. கிடைத்ததை, முடிந்தவரை வருட வரிசையில் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு நோட்டில் மூன்று விஷயங்களை மட்டும் குறித்துவந்தேன்: இந்தப் படத்தில் அவருக்கு என்ன வேலை, காட்சிக்குள் எப்படி நுழைகிறார், மற்றவர் பேசும்போது என்ன செய்துகொண்டிருக்கிறார். மூன்றாவதுதான் உருப்படியான கேள்வி என்பது போகப் போகத்தான் தெரிந்தது. அதற்காகச் சில காட்சிகளைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டினேன். வசனம் போனதும் இந்த மனிதரின் நடிப்பு பாதியாவது குறையும் என்று நினைத்தால், கொஞ்சமும் குறையவில்லை.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1935 மார்ச் 22 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஆக்டென்ஸ்பர்க்கில் பிறந்தவர். வளர்ந்தது கனடா எல்லையை ஒட்டிய வெர்மான்ட் ஊரான ஸ்வான்டனில். அப்பா சுங்க அதிகாரி. மூன்று வயதில் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடது காது கேட்காது. கல்லூரியில் படித்தது வணிக நிர்வாகம், அதற்கப்புறம்தான் நியூயார்க்கில் நடிப்புப் பயிற்சி. சினிமாவில் தலைகாட்டும்போதே முப்பதைத் தாண்டிவிட்டார். பருத்த உடம்பு, கலைந்த தலை, கொஞ்சம் வியர்த்த முகம். கதாநாயகன் ஆகிற கவலையே இல்லாத தோற்றம்.

ஆரம்பகாலப் படங்களில் அவரைக் கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டு. 1969-இல் வந்த 'ஆலிஸஸ் ரெஸ்டாரன்ட்' படத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் ஒரு சார்ஜன்ட்டாக வருகிறார். மூச்சு விடாமல் எதையோ விளக்குகிறார், ஒரு வார்த்தையும் புரிவதில்லை, புரியக்கூடாது என்பதுதான் நகைச்சுவையே. சின்ன வேடம்தான், ஆனால் அந்த சார்ஜன்ட் இதே பேச்சை ஆயிரம் பேரிடம் ஒப்பித்துச் சலித்தவன் என்பது அவர் நிற்கிற நிலையிலேயே தெரிகிறது. 1972-இல் 'வாட்ஸ் அப், டாக்?', 1973-இல் 'செர்ப்பிகோ' என்று வரிசையாகப் போலீஸ் வேடங்கள். நோட்டில் இந்தப் பக்கங்களில் 'போலீஸ்', 'மறுபடியும் போலீஸ்' என்பதைத் தவிர அதிகம் எழுதவில்லை.

1978-இல் வந்த 'ஸ்ட்ரெயிட் டைம்' வந்ததும் கதை மாறியது. உலு குரோஸ்பார்ட் இயக்கிய படம். டஸ்டின் ஹாஃப்மன் ஆறு வருடச் சிறைவாசம் முடிந்து வெளியே வரும் மேக்ஸ் டெம்போ. அவனைக் கண்காணிக்கும் பரோல் அதிகாரி ஏர்ல் ஃபிராங்க்தான் வால்ஷ். இந்த ஆள் கத்துவதே இல்லை. சிரித்த முகம், சகஜமான பேச்சு. வெளியே வந்ததும் நேராகத் தன்னிடம் வரவில்லை என்ற கோபத்தை அந்தச் சிரிப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு மேக்ஸை நெளிய வைக்கிறார். பிறகு ஒருநாள் மேக்ஸின் அறைக்குப் போகிறார். இருவரும் சாதாரணமாகத்தான் பேசுகிறார்கள். அறையில் எரிந்த தீக்குச்சிகள் கண்ணில் படுகின்றன, போதை மருந்தைச் சூடாக்கியதன் தடயம். போதை மருந்து போட்டது மேக்ஸ் அல்ல, வந்து போன நண்பன். ஆனால் அதைக் கேட்கிற நிலையில் ஏர்ல் இல்லை. கைவிலங்கு வெளியே வருகிறது.

இந்தக் காட்சியைச் சத்தமில்லாமல் ஓட்டியபோது ஒன்று பிடிபட்டது. கைவிலங்கு மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அவர் முகம் அப்படியேதான் இருக்கிறது. வேறு நடிகர் என்றால் அந்த இடத்தில் கண்ணைச் சுருக்கியிருப்பார், குரூரம் எட்டிப் பார்த்திருக்கும். வால்ஷுக்கு அது அலுவலக வேலை. ஃபைலில் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிற மாதிரி செய்கிறார். அதனால்தான் பின்னால் நெடுஞ்சாலையில் மேக்ஸ் வெடித்துக் கிளம்பி, ஏர்லின் பேண்ட்டை இறக்கிவிட்டு, சாலை நடுவில் இருக்கும் கம்பிவேலியில் விலங்கு மாட்டிவிட்டுப் போகும்போது நமக்கு ஒரு அற்பச் சந்தோஷம் வருகிறது. படம் அதற்கப்புறம் வேறு பக்கம் போய்விடுகிறது, வால்ஷ் திரும்பி வருவதில்லை. ஆனாலும் அவர் போனபின் ஒரு வெற்றிடம் இருக்கிறது. சொல்ல மறந்தேன், இதே படத்தில் ஸ்டான்டனும் இருக்கிறார். ஈபர்ட்டின் விதிக்கு இரட்டைப் பாதுகாப்பு.

அடுத்த ஐந்தாறு வருடங்கள் அவருடைய பொற்காலம் என்பேன். 1979-இல் 'தி ஜெர்க்'. டெலிபோன் டைரக்டரியில் குத்துமதிப்பாக விரல் வைத்து, ஸ்டீவ் மார்ட்டினைச் சுடக் கிளம்பும் கிறுக்கன். குறி தவறி ஆயில் டப்பாக்களில் பட்டுக்கொண்டே இருக்க, இவனுக்கு டப்பாக்கள் மேல்தான் கோபம் என்று மார்ட்டின் முடிவு செய்கிற இடம் இன்றைக்கும் சிரிக்க வைக்கிறது. 1980-இல் ராபர்ட் ரெட்ஃபோர்டின் 'ஆர்டினரி பீப்பிள்'. அதில் நீச்சல் பயிற்சியாளர். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பையனிடம், அங்கே மின்னதிர்ச்சி கொடுத்தார்களா என்று கேட்கிறார். கெட்டவர் இல்லை, ஆர்வத்தில் கேட்கிறார், அவ்வளவுதான். பையனின் முகம் செத்துப்போகிறது. அதைக் கவனிக்காமல் மேலே பேசுவதுதான் அந்தப் பாத்திரம்.

1982-இல் 'பிளேடு ரன்னர்'. விஸ்கி கிளாஸும் கையுமாக இருக்கும் கேப்டன் பிரையன்ட். இங்கே ஒரு கணக்குப் புதிர் இருப்பது ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கும். தப்பி வந்த ரெப்ளிகன்ட்கள், அதாவது மனித உருவில் செய்யப்பட்ட செயற்கை ஆட்கள், ஆறு பேர், ஒருவர் செத்தார் என்பார் பிரையன்ட். மீதி ஐந்து இருக்க வேண்டும், ஆனால் படத்தில் வேட்டையாடப்படுவது நான்கு பேர்தான். ஐந்தாவது ஆள் யார் என்று வருடக்கணக்கில் வாதம் நடந்தது. 2007-இல் வந்த ஃபைனல் கட் பதிப்பில் செத்தவர்கள் இரண்டு பேர் என்று வசனத்தைச் சரிசெய்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் பழைய வசனமே தேவலை. கணக்கை ஒழுங்காக வைத்துக்கொள்கிற ஆள் மாதிரியா இருக்கிறார் பிரையன்ட்?

அப்புறம் 'பிளட் சிம்பிள்'. கோயன் சகோதரர்களின் முதல் படம், 1984. ஸ்ட்ரெயிட் டைமில் பார்த்துவிட்டு இவருக்காகவே எழுதிய பாத்திரம் லோரன் விசர் என்ற தனியார் துப்பறிவாளன். மஞ்சள் சூட், ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார், எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு. படமே அவருடைய குரலில்தான் தொடங்குகிறது. டெக்சாஸில் உன்னை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நிதானமாகச் சொல்கிறார். கொலை செய்துவிட்டு, மேஜைமேல் கிடக்கும் மீன்களுக்கு அடியில் தன் லைட்டரை மறந்து வைத்துவிட்டுப் போகிறார். பிறகு நடப்பது முழுக்க அந்த லைட்டருக்காகத்தான்.

கடைசிக் காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள். குண்டடிபட்டுக் குளியலறைத் தரையில் மல்லாந்து கிடக்கிறார். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண், சுடப்பட்டது தன் கணவன் மார்ட்டி என்று நினைத்து, உன்னைக் கண்டு எனக்குப் பயமில்லை என்கிறாள். விசருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரைப் பார்த்தால் சொல்லிவிடுகிறேன் அம்மா என்கிறார். பிறகு மேலே பார்க்கிறார். வாஷ்பேசின் குழாயில் ஒரு நீர்த்துளி திரண்டு, முகத்துக்கு நேராகத் தொங்குகிறது. சாகப்போகிறவனின் கவலையெல்லாம் அந்தத் துளி மூக்கில் விழுந்துவிடுமோ என்பதுதான். இந்த வேடத்துக்கு 1986-இல் நடந்த முதல் இண்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருது விழாவில் சிறந்த கதாநாயக நடிகர் விருது கிடைத்தது. துணை நடிகருக்கானது அல்ல, நாயகனுக்கானது. அது நியாயம்தான். ஆனாலும் என் ஓட்டு ஏர்ல் ஃபிராங்க்குக்குத்தான். விசர் மாதிரி ஒருவனைப் பார்த்தால் விலகிவிடலாம். ஏர்ல் மாதிரி ஒருவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் எங்கே போவது?

டிவி பக்கம் தேடியதில் சிக்கியவை கொஞ்சம்தான், ஆனால் நல்ல வேட்டை. 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' தொடரின் முதல் சீசனில், 1989-இல், 'கலெக்ஷன் கம்ப்ளீட்டட்' என்று ஒரு பகுதி. ஓய்வு பெற்று வீட்டுக்கு வருகிறவர், வீடு முழுக்க மனைவி வளர்க்கும் பிராணிகளைப் பார்த்துக் கடுப்பாகிறார். பொழுதுபோக்குக்காக, செத்த பிராணிகளைப் பதப்படுத்தும் கலையைக் கற்றுக்கொள்கிறார். முடிவைச் சொல்லமாட்டேன். 1999-இல் 'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரில் டேவிட் டுகோவ்னி எழுதி இயக்கிய 'தி அன்நேச்சுரல்' என்ற பகுதியில் ஆர்தர் டேல்ஸாக வருகிறார். தொடரில் ஏற்கெனவே ஆர்தர் டேல்ஸாக வந்த டேரன் மெக்கேவின்தான் அதிலும் நடிக்க வேண்டியவர். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகவே, அதே பெயர் கொண்ட சகோதரர் என்று கதையில் ஒட்டுப் போட்டு வால்ஷைக் கொண்டுவந்தார்கள். ஒட்டு தெரியவே இல்லை. பழைய பேஸ்பால் கதையை அவர் தொடரின் நாயகன் மல்டருக்குச் சொல்லும் விதத்தில் அத்தனை வாஞ்சை. இங்கேயும் அதே சிரிப்புதான், விசரின் சிரிப்பேதான், ஆனால் துளி பயம் இல்லை.

ஈபர்ட்டின் விதி என்னவாயிற்று? அதே 1999-இல் வந்த 'வைல்ட் வைல்ட் வெஸ்ட்' அதைக் கவிழ்த்துவிட்டது. ஈபர்ட்டே அதை விதிவிலக்கு என்று ஒத்துக்கொண்டார். நானும் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன், யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

பிற்காலத்துக்கு 2019-இல் வந்த 'நைவ்ஸ் அவுட்' ஒன்று போதும். பழைய டேப்பில் கேமராப் பதிவு வைத்திருக்கும் காவலாளி புரூஃப்ராக். இயக்குநர் ரையன் ஜான்சன் பிறகு நினைவுகூர்ந்தது: படப்பிடிப்புக்கு வரும்போது வால்ஷ் கையில் இரண்டு பொருள்கள் இருந்தனவாம். ஒன்று, பொடி எழுத்தில் ஒரு பக்கம் நிறைய அடித்த தன் படப்பட்டியல். இன்னொன்று, படக்குழுவினர் எல்லோருக்கும் கொடுக்க இரண்டு டாலர் நோட்டுகள், செலவழிக்காமல் வைத்திருந்தால் ஓட்டாண்டி ஆகமாட்டீர்கள் என்ற அறிவுரையோடு. 2024 மார்ச் 19 அன்று, 89 வயதாக மூன்று நாள் இருக்கையில், வெர்மான்ட்டில் காலமானார்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வருட வரிசையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், ஆரம்ப வேடங்கள் சலிப்பூட்டும். முதலில் 'ஸ்ட்ரெயிட் டைம்', உடனே 'பிளட் சிம்பிள்'. மூச்சு வாங்கிக்கொள்ள 1987-இன் 'ரெய்சிங் அரிசோனா'. அதில் பட்டறையில் ஓயாமல் பேசி நிக்கோலஸ் கேஜின் காதைத் துளைக்கும் ஒரு காட்சிக்கு மட்டும் வருகிறார். பிளட் சிம்பிளுக்கு இரண்டு பதிப்புகள் உண்டு. பின்னால் வந்த இயக்குநர் பதிப்பு, வழக்கத்துக்கு மாறாக, முதலில் வந்ததைவிடச் சில நிமிடங்கள் குறைவு. எது கிடைத்தாலும் சரி, விசரின் பகுதிகளில் எதுவும் கெட்டுப்போகவில்லை.