பாலாற்று மணலில் பதினோரு நிமிடம்

வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் பழைய பேச்சு ஒன்று உண்டு. மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். 2021 வெள்ளத்தில் பாலாறும் தான் யாரென்று காட்டிவிட்டது. பட்டியல் குறைந்துபோயிற்றே என்று என் பங்குக்கு ஒன்று சேர்த்தேன்: சேட்டிலைட் கிடைக்காத ஜிபிஎஸ்.

என்னிடம் இருப்பது சின்ன ஃபோம் விமானம். இறக்கை நுனிக்கு நுனி 80 சென்டிமீட்டர், பேட்டரியோடு சேர்த்து 243 கிராம். 250-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். 2021 ட்ரோன் விதிகளின்படி அதுவரைக்கும் நானோ வகை, பைலட் லைசென்ஸ் கேட்க மாட்டார்கள். மூக்கில் எஃப்பிவி கேமரா (விமானத்துக்குள் உட்கார்ந்து பார்ப்பது போலக் காட்டுவது), அதற்குப் பின்னால் படத்தை என் கண்ணில் மாட்டும் திரைக் கண்ணாடிக்கு அனுப்பும் வீடியோ டிரான்ஸ்மிட்டர், நடுவில் விமானத்தின் மூளையான ஃபிளைட் கன்ட்ரோலர், அதில் ஓடும் மென்பொருள் ஐநேவ். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் வெளியுலகம் தெரியாது என்பதால், விமானத்தை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க அக்கா மகன் கூட வருவான். பறக்கும் இடம் விரிஞ்சிபுரம் பக்கம் பாலாற்று மணல். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை என்று பார்த்துவிட்டுத்தான் போவோம்.

பிப்ரவரியில் ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேலை செய்தேன். பழைய ஜிபிஎஸ் மாட்யூலைக் கழற்றிவிட்டு யூப்ளாக்ஸ் எம்10 சிப் வைத்த புதியதைப் போட்டேன். அதே கையோடு மூக்குக் கேமராவையும் மாற்றி, ஹெச்டியில் பதிவு செய்கிற ஒன்றை வைத்தேன். பின்னால் வந்த தலைவலி எல்லாம் இந்த "அதே கையோடு" என்பதில் வந்ததுதான்.

அடுத்த வாரம் மணலில் விமானத்தை வைத்துவிட்டு நின்றோம். சேட்டிலைட் 0. அப்புறம் 3. அப்புறம் 2. லாக் கிடைக்க, அதாவது ஜிபிஎஸ் தன் இடத்தைக் கணித்து முடிக்க, பதினோரு நிமிடம் ஆனது. மார்ச் வெயில் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். வீடியோ டிரான்ஸ்மிட்டருக்குக் காற்றுதான் விசிறி, தரையில் சும்மா இருந்தால் தொட முடியாத அளவு சூடாகும். தொப்பியால் அதற்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கரையில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இன்னா நைனா, இன்னும் ஏறலியா அது?" என்றார். எதைக் கேட்டார் என்று தெரியவில்லை. ஆனால் எங்களுக்கும் அதே கேள்விதான்.

மூன்றாவது வாரம் பொறுமை போய்விட்டது. ஜிபிஎஸ் லாக் இல்லாமல் ஐநேவ் ஆர்ம் ஆகாது (மோட்டாரை ஓட விடாது), ஆனால் அந்தத் தடையைத் தாண்ட ஒரு வழியும் அதிலேயே இருக்கிறது. தாண்டினேன். பறந்த நான்காவது நிமிடத்தில் படம் போனது. வீட்டுக்குத் திரும்பும் ஸ்விட்சைத் தட்டினேன். வீடு எங்கே என்றே அதற்குத் தெரியாதபோது எங்கே திரும்பும்? சீமைக்கருவேலம் புதருக்குள் இரண்டு மணி நேரம் தேடி, பீப்பர் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தோம். முள் குத்திய இடங்களை எண்ணவில்லை.

மாட்யூல் டூப்ளிகேட் என்று முடிவு கட்டினேன். விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் சூடாக ஒரு செய்தி போட்டேன். அவர் பேசாமல் வேறொன்று அனுப்பிவைத்தார். அதுவும் பத்து நிமிடம். "ஒரே பெட்டியிலிருந்து எடுத்திருப்பார்" என்று மருமகனிடம் சொன்னேன். அவன், "மாமா, ரெண்டுமே நல்லதா இருந்தா?" என்றான். சின்னப் பையன், அவனுக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

என் கையிலிருந்த போன் அதே மணலில் மூன்று விநாடியில் இடத்தைக் காட்டியது வேறு எரிச்சல். இந்த ஒப்பீடே தப்பு என்பது பிறகுதான் உறைத்தது. எந்தச் சேட்டிலைட் இப்போது எங்கே இருக்கிறது என்ற விவரத்தைப் போன் நெட்வொர்க் வழியாகவே வாங்கிக்கொள்ளும். விமானத்தில் இருக்கும் மாட்யூலுக்கு நெட் கிடையாது. மொத்தத்தையும் வானத்திலிருந்து வரும் சிக்னலைக் கேட்டே எழுதிக்கொள்ள வேண்டும். அது வரும் வேகம் விநாடிக்கு 50 பிட்.

இதைக் காட்பாடி ஜங்ஷன் அறிவிப்பாக நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஜிபிஎஸ் சேட்டிலைட்டும் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை திருப்பித் திருப்பிச் சொல்கிறது. அதில் 18 விநாடி நமக்குக் கட்டாயம் வேண்டும். நடுவில் ஓர் இன்ஜின் ஹார்ன் அடித்தால் விட்ட பகுதி அடுத்த அறிவிப்பில்தான். அந்த நேரத்திலும் ஹார்ன் அடித்தால் அதற்கடுத்தது. அறிவிப்பு நடக்கிறது என்று காதுக்குத் தெரியும், எந்த பிளாட்பாரம் என்பது மட்டும் விளங்காது. திரையில் சேட்டிலைட்டுகள் தெரிந்தும் லாக் வராமல் இழுப்பது இப்படித்தான். எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது புரிய ஒரு மாதம் ஆனது.

இடையில் சில கற்பனைக் குற்றவாளிகளும் இருந்தார்கள். முதலில் மலைகளைச் சந்தேகப்பட்டேன். சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டை மாடிக்கு ஒரு பக்க வானத்தை மலை மறைப்பது உண்மைதான். ஆனால் மணலில் அந்தச் சாக்கு செல்லாது. அடுத்து அயனோஸ்பியர், வானத்தில் உயரே மின்னேற்றம் கொண்ட காற்றடுக்கு. நாம் இருப்பது காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம். மார்ச், செப்டம்பர் வாக்கில் இருட்டிய பிறகு ஜிபிஎஸ் சிக்னல் மினுமினுப்பது இந்தப் பகுதியில் தெரிந்த விஷயம். படித்ததும் பெரிய விஞ்ஞானி போல இருந்தது. நாங்கள் போவது காலை ஏழு மணிக்கு என்பது நினைவுக்கு வந்ததும் அதுவும் போயிற்று.

செட்டிங் பக்கம் ஒரு நிஜத் தவறு கிடைத்தது. ஐநேவில் ஐரோப்பாவின் கலிலியோவும் சீனாவின் பெய்டோவும், ஜிபிஎஸ் போன்ற இரண்டு சேட்டிலைட் கூட்டங்கள், அணைந்தே கிடந்தன. இரண்டையும் போட்டேன். ஜிபிஎஸ் பிழையைத் திருத்த உதவும் எஸ்பாஸ் பகுதியில் இந்தியாவின் ககனைத் தேர்ந்தெடுத்தேன். மொட்டை மாடியில் சேட்டிலைட் எண்ணிக்கை 4-லிருந்து 7 ஆனது, நேரம் பதினொன்றிலிருந்து ஏழு நிமிடத்துக்கு இறங்கியது. கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் நோய் அது இல்லை.

நோய் பிடிபட்டது ஒரு தற்செயலில். ஒருநாள் மாலை மாடியில் லேப்டாப்பை யூஎஸ்பியில் செருகிவிட்டு டீ குடிக்கக் கீழே போனேன். திரும்பி வந்தால் 14 சேட்டிலைட், லாக். அவசரமாகப் பேட்டரியையும் இணைத்தேன். ஒரு நிமிடத்துக்குள் 6. என் போர்டில் யூஎஸ்பியிலிருந்து ஜிபிஎஸ்ஸுக்கு மின்சாரம் போகும். கேமராவும் டிரான்ஸ்மிட்டரும் பேட்டரி வந்தால்தான் உயிர் பெறும். அட, இவ்வளவுதானா என்று மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிரவு முறையாகச் செய்தேன். மாட்யூலை லேப்டாப்பில் யூப்ளாக்ஸின் யூ-சென்டர் மென்பொருளோடு இணைத்தால் ஒவ்வொரு சேட்டிலைட்டின் சிக்னல் பலமும் பட்டையாகத் தெரியும். திறந்த வானத்தில் நல்ல மாட்யூலுக்கு 40-ஐத் தாண்டிச் சில பட்டைகளாவது நிற்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் தகவலைப் படிப்பதே சிரமம். ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினேன். யூஎஸ்பி மட்டும்: தலையாய பட்டைகள் 42, 43. பேட்டரியோடு எல்லாம் ஓடும்போது: 27, 28. இறக்கை மடிப்புகளை அசைக்கும் சர்வோ மோட்டாரின் ஒயரைக் கழற்றினால் மாற்றமில்லை. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரைக் கழற்றினாலும் இல்லை. வீடியோ டிரான்ஸ்மிட்டரைக் கழற்றினால் 30. அதைத் திரும்ப மாட்டிவிட்டுக் கேமராவை மட்டும் கழற்றினால் 40. மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்தேன், அதே கதைதான்.

5.8 கிகாஹெர்ட்ஸில் கத்தும் டிரான்ஸ்மிட்டரைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவோம். ஆனால் ஜிபிஎஸ் இருப்பது 1575.42 மெகாஹெர்ட்ஸில், எங்கோ தூரத்தில். பதிவு செய்யும் கேமராவுக்குள் பிராசசரும் மெமரியும் வேகமாக ஓடுகின்றன. அவற்றின் கடிகாரத் துடிப்புகளின் மடங்குகள் ஜிபிஎஸ் அலைவரிசையிலேயே வந்து விழும். லென்ஸையும் போர்டையும் இணைக்கும் தட்டையான ரிப்பன் ஒயர் அதற்கு ஆன்டெனா போல ஆகிவிடும். நான் ஜிபிஎஸ்ஸை வைத்திருந்தது அந்த ரிப்பனுக்கு நேர் மேலே, நான்கு சென்டிமீட்டர் தள்ளி. மூக்குக்கு எடை வேண்டும் என்பது என் கணக்கு. 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிக்னல் நம்மிடம் வந்து சேரும்போது, ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகப் பங்கு போட்டதில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. அதன் காதருகே ஒரு மோளக்காரரை உட்கார வைத்திருந்தேன்.

முதல் வைத்தியம் ஆம்பூர் பிரியாணி பார்சலின் அலுமினியத் தாள். கேமராவைச் சுற்றிக் கட்டினேன். ஒரு புள்ளிகூட மாறவில்லை, விமானத்தில் மட்டும் இரண்டு நாள் சீரகச் சம்பா வாசனை. மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பியிடம் காட்டினேன். "அண்ணா, போனைத் திறந்து பார்த்திருக்கீங்களா? முக்கியமான ஐசி மேலெல்லாம் தகரக் கூடு போட்டிருப்பான். அந்தக் கூட்டை கிரவுண்டுல சாலிடர் வச்சிருப்பான். நீங்க சுத்துனது சும்மா தொங்குது, அதுல சாலிடரும் ஒட்டாது" என்றார். காப்பர் டேப் ஒரு முழம் வெட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

முதலில் மின்சாரம் கடத்தாத காப்டன் டேப் ஒரு சுற்று, இல்லாவிட்டால் ஷார்ட் ஆகிவிடும். (எனக்குத் தெரியும், ஒரு முறை ஆனது. நல்லவேளை, ஷார்ட் ஆனால் மின்சாரத்தைத் தடுக்கும் ஸ்மோக் ஸ்டாப்பர் போட்டிருந்தேன்.) அதன் மேல் காப்பர் டேப், அதிலிருந்து கேமராவின் கிரவுண்டுக்கு ஒரு சின்ன ஒயர். ரிப்பனையும் மூடினேன். சூடு தங்கக் கூடாதென்று பின்பக்கம் திறந்தே விட்டேன். ஜிபிஎஸ்ஸை மூக்கிலிருந்து எடுத்து இறக்கைக்குப் பின்னால், 17 சென்டிமீட்டர் தள்ளி, ஆன்டெனாவான பீங்கான் பக்கம் வானத்தைப் பார்க்க வைத்தேன். அதன் அடியில் நான்கு சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு காப்பர் துண்டு, ஒயர்களை முறுக்கி விட்டேன். பின்னால் எடை கூடியதால் பேட்டரியை ஒன்றரை சென்டிமீட்டர் முன்னே தள்ள வேண்டியிருந்தது.

எல்லாம் ஓடும்போது பட்டைகள் 39, 40. லாக் 38 விநாடி. இரண்டில் எது அதிகம் உதவியது என்று கேட்டால், இடத்தை மாற்றியதுதான். அது மட்டுமே 35 வரைக்கும் கொண்டுவந்துவிட்டது. உங்களுக்கும் இதே தொல்லை என்றால் டேப் தேடுவதற்கு முன் மாட்யூலைக் கையில் பிடித்துக் கேமராவிலிருந்து தள்ளித் தள்ளிப் பாருங்கள், செலவே இல்லை.

விற்றவருக்கு மன்னிப்புக் கேட்டு, இரண்டாவது மாட்யூலுக்கும் பணம் அனுப்பினேன். "எந்த கேமரா சார்?" என்று மட்டும் கேட்டார். மருமகனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

மாட்யூலில் ஒட்டியிருக்கும் குட்டி பேக்கப் பேட்டரி இன்னும் செத்துத்தான் கிடக்கிறது, மல்டிமீட்டரில் 0.2 வோல்ட். அதனால் ஒவ்வொரு தடவையும் அது பழசையெல்லாம் மறந்து முதலிலிருந்தே தொடங்கும். அதை மாற்றும் அளவுக்கு என் கை நிதானம் இல்லை. இறக்கையை மாட்டும்போதே யூஎஸ்பியில் ஒரு பவர் பேங்கைச் செருகிவிடுகிறேன். கேமரா விழிப்பதற்குள் லாக் ஆகிவிடும். பேட்டரியை மாட்டிய பிறகுதான் பவர் பேங்கை உருவுவேன்.

போன ஞாயிறு பெரியவர் வந்தபோது விமானம் மேலே இருந்தது. 18 சேட்டிலைட். பொசிஷன் ஹோல்ட் போட்டு ஒரே இடத்தில் வட்டமடிக்க விட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி அவர் முகத்தில் மாட்டினேன். மருமகன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணினார். அப்புறம், "ஒண்ணு கொறையுதே நைனா" என்று கண்ணாடியைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டுக் கரைப்பக்கம் ஓடினார்.